நோட்டும் பேண்டும்

மதுரை மணி அய்யரின் பழைய ஒலிநாடாக்களில் கச்சேரி முடியப்போகிற நேரத்துக்கு ‘இங்கிலீஷ் நோட்டு’ வரும். பேண்டு வாத்தியச் சாயலில் சங்கராபரண ஸ்வரங்கள். சபை குஷியாகிவிடும். அதை அமைத்தவர் எங்கள் பக்கத்து ஊரின் பேரைச் சுமந்த அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் (1877–1945). இந்தக் குஷிதான் என் பிரச்சினை.

மார்ச் கேட்பதற்கு உண்டானதல்ல, நடப்பதற்கு உண்டானது. ஆயிரம் கால்களை ஒரே காலாக்குகிற தொழில்நுட்பம்; ஃபூக்கோவை வாசித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் கடற்படைக் காலாட்படையின் பேண்டை 1892 வரை நடத்திய சூசா, வெளியே வந்து நான்கு வருஷம் கழித்து, 1896இல் ‘தி ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்’ எழுதினார். 1987இல் அது சட்டப்படி தேசிய மார்ச். அங்கே ஒளிவுமறைவு இல்லை, கொடியே பாட்டின் பேர்.

இங்கே நடந்தது வேறு. கும்பினி பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் தெய்வங்கள்மேல் சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வரம் என்று பேர். நாற்பது அளவில் இருக்கின்றன. ‘காட் சேவ் தி கிங்’ மெட்டிலும் ஒன்று உண்டு: ராஜாவைக் காப்பாற்றச் சொன்ன இடத்தில், என்னைக் காப்பாற்று என்று சியாமளையிடம் வேண்டுதல். இதை எதிர்ப்பு என்று சிலர் வாசிக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1835இல் அவர் இறந்தது எட்டயபுரத்தில். 1799இல் கட்டபொம்மனுக்கு எதிராகக் கும்பினியோடு நின்ற பாளையம் அது. பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குக் கொண்டுவந்தவராகச் சொல்லப்படும் தம்பி பாலுசாமிக்கும் அங்கேதான் ஆஸ்தானம். கும்பினியின் வாத்தியமும் மெட்டும் அரண்மனை வழியாக, மடி கட்டிக்கொண்டு அக்ரகாரத்துக்குள் நுழைந்துவிட்டன. பூட்ஸ் மட்டும் வாசலோடு நின்றுவிட்டது.

பறைக்கு அந்த வாசல் திறக்கவில்லை. பட்டாளத்து மெட்டுக்குத் தீட்டுக் கழியும், தோலுக்குக் கழியாதாம். (மிருதங்கத்தில் இருப்பதும் மாட்டுத்தோல்தான், அதைப் பேசமாட்டார்கள்.)

சபா கழற்றிப்போட்ட உடுப்பை இன்றைக்கும் மாட்டிக்கொண்டிருப்பவர்கள் பேண்டு செட்டுக்காரர்கள். அம்பாசமுத்திரத்தில் கல்யாணம், கோயில் கொடை, சாவு எல்லாவற்றுக்கும் அவர்கள் வேண்டும். டிரம்பெட், கிளாரினெட், சைடு டிரம், தோளில் ஜரிகைப் பட்டை. வாசிப்பது சினிமாப் பாட்டு. சங்கீத வரலாறு எழுதியவர்கள் யாரும் இவர்களை ஒரு பத்திக்குக்கூடப் பொருட்படுத்தியதாக நான் பார்க்கவில்லை. டிரம்பெட் வாசிக்கிற ஒருத்தரிடம் மணி அய்யரின் நோட்டைப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். விரல்கள் சட்டைப் பித்தானில் கட்டை அழுத்திக்கொண்டிருந்தன.

“நல்லாருக்கு. எந்தப் படம், அண்ணாச்சி?”

படமில்லை, அரிகேசநல்லூர்க்காரர் போட்டது என்றேன்.

“அங்கயா? போன மாசம் ஒரு சாவுக்கு வாசிச்சோம். தெருவுக்கு உள்ள வரக்கூடாதுன்னுட்டாங்க.”