வெள்ளைப்படுதல்: உடலின் முறையீடா, மனத்தின் முறையீடா?

நகர்ப்புற ஏழைப் பெண்களின் வெள்ளைப்படுதல் முறையீட்டை, வறுமையும் குடும்ப நெருக்கடியும் உடல்வழி வெளிப்படுவதாகக் கொள்ளும் வாசிப்பு ஆய்வுலகில் வேரூன்றியிருக்கிறது. அதற்குத் தூணாக நிற்பது, ஆய்வகச் சோதனையின்றி அறிகுறியை வைத்தே மருந்து தரும் அறிகுறிசார் சிகிச்சை முறை கண்ட தோல்வி. முறையீட்டோடு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு கொனோரியாவோ கிளமிடியாவோ சோதனையில் தென்படவில்லை. எனவே முறையீட்டின் ஊற்று மனத்தில் என்பது வாதம். அந்தச் சான்று இந்த முடிவைத் தாங்காது.

சிகிச்சை முறையையே எடுத்துக்கொள்வோம். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் நெறிமுறையில், யோனி அழற்சிக்குப் பச்சை கிட்: செக்னிடசோல் 2 கிராம், ஃபுளுகோனசோல் 150 மில்லிகிராம். கருப்பைவாய் அழற்சிக்குச் சாம்பல் கிட்: அசித்ரோமைசின் 1 கிராம், செஃபிக்சிம் 400 மில்லிகிராம். எது யாருக்கு என்று பிரிப்பது ஸ்பெகுலம் பரிசோதனை. மறைப்பும் பரிசோதனைக் கட்டிலும் இல்லாத இடத்தில் முதலில் விடுபடுவது அதுதான். விடுபட்டபின் எஞ்சுவது ஊகம். ஊகம் பிழைத்ததற்குப் பெண்ணின் சொல்லைப் பொறுப்பாக்குவது முறையல்ல.

இன்னும் அடிப்படையான குழப்பம் ஒன்று உண்டு. கொனோரியாவும் கிளமிடியாவும் பெண்களிடம் பெரும்பாலும் அறிகுறியின்றியே இருப்பவை. அவற்றை வெள்ளைப்படுதல் காட்டிக்கொடுக்காததில் வியப்பில்லை. வெள்ளைப்படுதலுக்குப் பொதுவான காரணங்களோ பாக்டீரியல் வஜினோசிஸ், கேண்டிடா, டிரைக்கோமோனாஸ் ஆகியவை. இவற்றுள் முதலிரண்டும் பால்வினை நோய்ப் பட்டியலில் சேராதவை, ஆனாலும் நோய்களே. நுண்ணோக்கியும் பிஹெச் தாளும் இவற்றைப் பல நேரங்களில் இனங்காட்டிவிடும். தேடாததை இல்லையென்று எண்ணுவது ஆய்வாகாது.

மனத்துயருக்கும் முறையீட்டுக்கும் தொடர்பு இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் ஒரே வேளையில் எடுத்த கணக்கெடுப்பு எது முந்தியது என்று சொல்லாது. அரிப்பும், உறவின்போது வலியும், கணவனின் சந்தேகமும் மாதக்கணக்கில் நீடித்தால் மனம் சோராமல் இருக்குமா?

கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்ட பெண்கள் பலர் வீட்டு வேலைக்குச் சென்னை நகருக்குள் பயணிக்கிறார்கள். மருத்துவமனைக்கு வர எடுக்கும் ஒரு நாள் விடுப்பு அவர்களுக்குக் கூலி இழப்பு. கணவன் சிகிச்சைக்கு வராவிட்டால் டிரைக்கோமோனாஸ் திரும்பத் தொற்றக்கூடும். அப்படித் தொற்றிய பெண் மீண்டும் அதே முறையீட்டோடு வருவதை மனநோயின் தடயமாக வாசிப்பது, தொற்றின் போக்கையே அறியாத வாசிப்பு.

இயல்பான கசிவையும் சிலர் நோயென்று அஞ்சுகிறார்கள் என்பார்கள். உண்மை, அதையும் பரிசோதித்தே தெளிய முடியும். செலவு பற்றிய தடை நுண்ணோக்கிக்குப் பொருந்தாது. கொனோரியாவையும் கிளமிடியாவையும் கண்டறியும் மூலக்கூறு சோதனையை, வசதியுள்ள இடங்களில், உலக சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலிலேயே பரிந்துரைத்துவிட்டது. முறையிடாத பெண்ணுக்கும் அது தேவை. மறைந்திருக்கும் கிளமிடியா கருக்குழாயைச் சிதைத்து மலட்டுத்தன்மைக்கும் கருக்குழாயிலேயே கரு தங்குவதற்கும் வழிவகுக்கக்கூடும்.

ஆகவே ஆய்வின் வரிசை மாற வேண்டும்: முதலில் மறைப்புள்ள அறை, ஸ்பெகுலம், நுண்ணோக்கி. அவை எல்லாம் வெறுமையாகத் திரும்பிய பிறகே மனத்தைப் பற்றிய கருதுகோளுக்கு இடம்.