மரமேறு கருவிகள் (நடமாடும் வேட்டை)

வட அமெரிக்காவில் வெண்வால் மானை வில்லால் வேட்டையாடுவோரில் ஒரு சாரார் ஒரே மரத்தில் நிலையான பரண் கட்டுவதில்லை. அன்றன்று தேர்ந்த மரத்தில் ஏறி அமர்கிறார்கள். பொழுது முடிந்ததும் எல்லாவற்றையும் அவிழ்த்து முதுகில் சுமந்து திரும்புகிறார்கள். இவ்வகை வேட்டைக்கான எடை குறைந்த கருவிகளே இங்கு மரமேறு கருவிகள் எனப்படுகின்றன. தரையிலிருந்து மேலே கொண்டுசேர்ப்பவை, மேலே உடலைத் தாங்குபவை, விழாமல் காப்பவை என இவை மூன்று வேலைகளைச் செய்கின்றன. சில வடிவமைப்புகளில் ஒரே பொருள் இரண்டு வேலைகளைச் செய்யும். எடை குறைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

நடமாட்டத்துக்கான காரணம் மானின் இயல்பில் இருக்கிறது. வெண்வால் மான் மோப்பத்தால் வாழும் விலங்கு. ஒரு மரத்தடியில் மனித வாடை இரண்டொரு முறை பட்டால், வயதான கிடாய்கள் பகலில் அந்த வழியைத் தவிர்க்கத் தொடங்கும். ஓக் மரங்கள் கொட்டை உதிர்க்கும் காலத்தில் மான்களின் தடம் வாரத்துக்கு வாரம் மாறும். காற்றின் திசையோ மணிக்கு மணி மாறும். அம்பு நம்பகமாகப் பாயும் தூரம் 20 முதல் 30 மீட்டர். அதற்குள் மான் வர வேண்டுமானால், மான் வரும் இடத்துக்கு வேட்டைக்காரர்தான் போயாக வேண்டும்.

தோற்றம்

விலங்குக்காக மரத்தின் மேல் காத்திருப்பது பழைய வழக்கம். இந்தியாவில் சமஸ்தான மன்னர்களும் ஆங்கிலேய அதிகாரிகளும் புலி வேட்டைக்கு மச்சான் எனும் மர மேடையைக் கட்டிவைத்தார்கள். அதைக் கட்டுவதற்கு ஆட்கள் இருந்தார்கள். அமர்பவர் ஏணி வைத்து ஏறினால் போதும். தனியாள் தானே சுமந்து, தானே ஏறி, தானே இறக்கும் கருவியின் வேர் அந்த மரபில் இல்லை. மரம்வெட்டிகளும் தந்திக்கம்ப ஊழியர்களும் காலில் கட்டிய இரும்பு முள்ளிலும், இடுப்பைச் சுற்றி மரத்தை வளைத்துக் கட்டிய வாரிலும்தான் அது இருக்கிறது. இன்றைய வேட்டைக்காரர் ஏறும்போது மரத்தைச் சுற்றி இடுப்பில் கட்டிக்கொள்ளும் சுற்றுக்கயிறு அந்த வாரின் நேரடி வாரிசு.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தகைய கருவிக்கு அமெரிக்காவில் தேவையே இருக்கவில்லை. கட்டுப்பாடற்ற சந்தை வேட்டையால் வெண்வால் மான்களின் எண்ணிக்கை நாடு முழுவதற்கும் சில லட்சமாகச் சுருங்கியிருந்தது. 1900இன் லேசி சட்டம் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்ட விலங்குகளை மாநில எல்லை தாண்டி விற்பதைத் தடுத்தது. 1937இன் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குப் பணிகளுக்கு ஒதுக்கியது. மான்கள் மீண்டன, இன்று சுமார் 3 கோடி இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள்.

வில் வேட்டையின் மறுபிறப்பு இதற்கு இணையாக நடந்தது. யாஹி பழங்குடியின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷியிடம் வில்வித்தை கற்ற மருத்துவர் சாக்ஸ்டன் போப், 1923இல் வெளியிட்ட நூலின் வழியே அதைப் பரப்பினார். போப்பும் அவருடைய தோழர் ஆர்தர் யங்கும் தரையில் பதுங்கி வேட்டையாடியவர்கள். ஆனாலும் 1961இல் தொடங்கிய வில் வேட்டையாளர் சங்கம் அவ்விருவரின் பெயரையே தாங்கியது. வில்லுக்கென்று தனிப் பருவம் ஒதுக்கிய முதல் மாநிலம் விஸ்கான்சின், ஆண்டு 1934.

மரத்தின் மேல் ஏறும் பழக்கம் பரவலானது அதற்குப் பிறகுதான். 1969இல் காப்புரிமை பெற்ற ஹாலிஸ் வில்பர் ஆலனின் கப்பி வில், வில்வித்தையை ஆண்டுக்கணக்கில் பயிலாதவருக்கும் வில் வேட்டையைத் திறந்துவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு மானின் கண்மட்டத்துக்கு மேலே இருப்பது பெரிய அனுகூலம். 1970களில் ஜார்ஜியாவிலிருந்து வந்த பேக்கர் பரண், மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும் சிறு மேடை. மரப்பட்டையில் பிடி நழுவினால் ஆளோடு கீழே வழுக்கிவிடும் என்ற கெட்ட பெயரையும் அது சம்பாதித்தது. ஆனாலும் பின்னால் வந்த ஏறு பரண்களுக்கெல்லாம் வழிகாட்டி அதுவே.

வகைகள்

ஏணிப் பரணும் பெட்டிப் பரணும் நடமாடும் வேட்டைக்குப் பொருந்தாதவை என்பதால் அவற்றை விட்டுவிடலாம். எஞ்சுபவை மூன்று.

ஏறு பரண் இரண்டு சட்டங்களால் ஆனது. மேல் சட்டத்தில் கையையும் உடலையும் ஊன்றிக் கீழ்ச் சட்டத்தைக் காலால் இழுப்பது, பிறகு கீழ்ச் சட்டத்தில் நின்று மேல் சட்டத்தை உயர்த்துவது என மாறிமாறி ஏற வேண்டும். தென்னை ஏறும் இயந்திரத்தைப் பார்த்தவருக்கு இது உடனே விளங்கும். மரத்தில் கட்டி ஏறும் படிக்குழாயான ஏறுகோல் தனியாக வேண்டாம் என்பது இதன் நன்மை. எடை 9 கிலோ அளவில் இருக்கும். கிளையில்லாத நேரான மரம் மட்டுமே இதற்கு ஆகும் என்பது பெரிய குறை. தென்மாநிலப் பைன் காடுகளில் அது பொருட்டல்ல, வடக்கின் கிளை மலிந்த காடுகளில் பரணைச் சுமந்துகொண்டு மரம் தேடி அலைய நேரும்.

தொங்கு பரண் என்பது இருக்கையும் மிதிமேடையும் கொண்டு, வாரால் மரத்தில் மாட்டப்படுவது. பழைய எஃகுப் பரண்கள் பாரம். இன்றைய அலுமினிய வார்ப்புப் பரண்களில் 3 முதல் 5 கிலோ எடையுள்ளவை கிடைக்கின்றன. இதனுடன் ஏறுகோல்களையும் சேர்த்துச் சுமக்க வேண்டும்.

மூன்றாவது, சேடில் எனப்படும் இடுப்புக் கச்சை. வேட்டைக்காரர் மேடையில் உட்காருவதில்லை. தலைக்கு மேல் மரத்தைச் சுற்றிய தாங்குகயிற்றில் கச்சையின் வழியே சாய்ந்து தொங்குகிறார், கால்கள் சிறிய மிதிதட்டில் ஊன்றியிருக்கும். மரத்தண்டையே மறைப்பாக்கிக்கொண்டு எந்தத் திசையிலும் சுற்றி நகரலாம். கச்சை 1 கிலோவுக்குள் அடங்கும். மிதிதட்டு ஒன்றரை முதல் 2 கிலோ. மிச்சிகனின் ஜான் எபர்ஹார்ட் போன்ற சிலர் பல ஆண்டுகளாக இதை வலியுறுத்திவந்தும் பெருவாரியானோர் ஏளனமாகவே பார்த்தார்கள். 2018இல் கச்சை தயாரிக்கும் டெத்தர்டு நிறுவனம் தொடங்கிய பின் சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழானது. கோணலான மரம், கவைத்த மரம், ஒல்லி மரம் எதிலும் ஏற முடிவதால், நடமாடும் வேட்டைக்குக் கச்சையே பொருத்தமான கருவி. இடுப்பில் அழுத்தமும் முழங்கால் வலியும் தொடக்கத்தில் இருக்கும். கச்சையைத் தாங்குகயிற்றோடு இணைக்கும் ‘பாலம்’ என்ற கயிற்றையும் தாங்குகயிற்றின் உயரத்தையும் சரிசெய்யப் பழகியதும் பெரும்பாலானோருக்கு அது குறைகிறது.

ஏறுகோல்

ஏறுகோல் அரை மீட்டர் முதல் முக்கால் மீட்டர் நீளமுள்ள குழாய். இரண்டு அல்லது மூன்று படிகளும், மரத்தை அணையும் கவைத் தாங்கிகளும் இருக்கும். ஒரே ஒரு வார் அல்லது கயிற்றால் மரத்தில் கட்டப்படும். ஏறுபவரின் எடை படியில் இறங்கும்போது தாங்கிகள் மரப்பட்டையில் அழுந்தி வாரை இன்னும் இறுக்குகின்றன. எடை கூடக்கூடப் பிடி கூடுவதால்தான் இவ்வளவு சிறிய பொருள் ஓர் ஆளைத் தாங்குகிறது. படியில் நேர்கீழாக மிதிக்காமல் வெளிப்புறமாக உந்தினாலோ, கட்டும்போது கோலைக் கீழ்நோக்கி இழுத்துப் பதிக்காமல் விட்டாலோ இந்தப் பிடி அமையாது, கோல் புரண்டுவிடும். செதில் செதிலாக உரியும் ஹிக்கரி மரப்பட்டை, வழுவழுப்பான பீச், மழையில் நனைந்த எந்த மரமும் கூடுதல் கவனம் கேட்பவை.

பொருள் பெரும்பாலும் அலுமினியம். அதன் அடர்த்தி எஃகின் அடர்த்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. டைட்டானியம் அலுமினியத்தைவிட அடர்த்தியானது. ஆனால் வலிமை மிகுதி என்பதால் குழாயின் சுவரை மெலிதாக்கி எடையைக் குறைக்க முடிகிறது. கார்பன் இழைக் குழாய் எல்லாவற்றிலும் இலகு. இடிபட்டால் உலோகத்தைப் போல் கணீரென ஒலிக்காது என்பது வேட்டையில் எடைக்குச் சமமான நன்மை. விலை மட்டும் எடைக்கு எதிர்த்திசையில் ஓடும்.

எத்தனை கோல் வேண்டும் என்பதை விரும்பும் உயரம் முடிவுசெய்கிறது. அரை மீட்டர்க் கோல் ஒன்று, அடுத்த கோலுக்கான இடைவெளியும் சேர்ந்து, சுமார் 1 மீட்டர் உயர்த்தும். நான்கு கோல் 4 மீட்டர். ஒவ்வொரு கோலின் அடியிலும் கயிற்றாலோ நைலான் வாராலோ ஆன கால்கண்ணி ஒன்றைத் தொங்கவிட்டால் அதே நான்கு கோலில் 5 முதல் 6 மீட்டரை எட்டலாம். சில பத்துக் கிராம் எடையுள்ள கண்ணி ஒரு முழுக் கோலின் வேலையைச் செய்கிறது. ஆனால் ஆடும் கண்ணியில் இருட்டில் கால் வைப்பது பயிற்சி இல்லாதவருக்கு ஆபத்து.

இந்தத் தர்க்கத்தின் எல்லை, ஒரே கோலால் ஏறுவது. கோலைக் கட்டி ஏறி, தாங்குகயிற்றில் தொங்கியபடி அதை அவிழ்த்து மேலே கட்டி மீண்டும் ஏற வேண்டும். இறங்கும்போது கயிற்றில் வழுகி இறங்கி, தனிச் சரடால் கீழிருந்தே கயிற்றை இழுத்துக்கொள்ள வேண்டும். மூன்று கோல்களின் எடை மிச்சமாகும். பதிலுக்கு 8 மில்லிமீட்டர் கயிறு 9 முதல் 12 மீட்டரும், இறங்கு கருவி ஒன்றும் சேரும். கூட்டிப் பார்த்தால் மிச்சம் 1 கிலோவைச் சுற்றியே நிற்கும்.

கயிறும் முடிச்சும்

கச்சை வேட்டையின் கயிற்று நுட்பம் மலையேற்றத்திலிருந்து கடனாக வந்தது. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் அறிமுகப்படுத்திய முடிச்சு, எடை இழுக்கும்போது இறுகும், எடை நீங்கினால் கயிற்றின் மீது நகரும். அறுந்த இசைக்கருவித் தந்திகளைச் சரிசெய்ய அவர் முதலில் அதைப் பயன்படுத்தியதாகச் சொல்லப்படுகிறது. தாங்குகயிறும் சுற்றுக்கயிறும் இன்றும் இந்த முடிச்சால், அல்லது அதே வேலையைச் செய்யும் உலோகப் பிடிப்பான்களால், நீளம் மாற்றப்படுகின்றன. பிடிப்பான் ஒற்றைக் கையால் இயங்கும். முடிச்சோ எடையற்றது, பழுதாகாது. தமிழ்நாட்டில் களக்காடு முண்டந்துறைக் காட்டின் மர உச்சிகளை ஆய்ந்தவர்கள் ஏறியதும் இதே கயிற்று நுட்பக் குடும்பத்தைச் சேர்ந்த ஒற்றைக் கயிற்று முறையால்தான்.

கோல்களைக் கட்ட டைனீமா இழைக் கயிறு விரும்பப்படுகிறது. விரலளவு பருமன்கூட இல்லாத அது ஓர் ஆளைப் போல் பல மடங்கு எடையைத் தாங்கும்; கொக்கி இல்லாததால் ஓசையும் இல்லை. ஆனால் வழுக்கும் இழை, முடிச்சு நில்லாது. உருகுநிலை 150 டிகிரி செல்சியஸை ஒட்டியது என்பதால் உராய்வு வெப்பத்துக்கு ஈடுகொடுக்காது. கட்டுவதற்கு அது சரி. ஏறி இறங்கும் கயிறாக அதைக் கொள்ளக் கூடாது.

தேர்வு

எடையைத் தனித்தனிப் பொருளாகப் பார்ப்பதே வாங்குவோர் பரவலாகச் செய்யும் பிழை. அரைக் கிலோக் கோலை வாங்கி, அதை அடக்க ஒன்றரைக் கிலோப் பையைச் சுமப்பவர் உண்டு. தொங்கு பரணும் நான்கு கோலும் சேர்ந்தால் 8 கிலோ அளவு. கச்சை, கயிறுகள், மிதிதட்டு, நான்கு கோல் சேர்ந்தால் 6 கிலோ அளவு. இந்த 2 கிலோ வேறுபாடு சதுப்பில் ஒரு மணி நேரம் நடப்பவருக்குத் தெரியும், சாலையோரம் வேட்டையாடுபவருக்குத் தெரியாது. எடையைப் போலவே பருமனும் முக்கியம்: முதுகுக்கு வெளியே நீட்டும் எதுவும் புதரில் சிக்கி ஓசையிடும். முதலில் உயரத்தை முடிவுசெய்து, அதற்கான கோல் எண்ணிக்கையைக் கணக்கிட்டு, கடைசியில் பொருளுக்கும் விலைக்கும் வருவதே சரியான வரிசை. உயரம் கூடினால் எப்போதும் நல்லது என்பதும் இல்லை. 6 மீட்டருக்கு மேல் போனால் கீழ்நோக்கிய கோணம் செங்குத்தாகி, அம்புக்கு இரு நுரையீரலும் ஒருசேரக் கிடைப்பது அரிதாகிறது.

பரண்களுக்கு வழக்கமான தாங்குவரம்பு 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. இதில் ஆளோடு குளிர்கால உடை, வில், பை எல்லாம் அடக்கம்.

பாதுகாப்பு

விழுவது பெரும்பாலும் அமர்ந்திருக்கும்போது அல்ல. ஏறும்போதும், கோலிலிருந்து மேடைக்கு மாறும்போதும், இறங்கும்போதும்தான். ஆகவே தரையிலிருந்து கால் எடுக்கும் கணத்திலிருந்து சுற்றுக்கயிறு கட்டியிருக்க வேண்டும். கிளையைத் தாண்டும்போது ஒன்றை அவிழ்க்குமுன் இன்னொன்றைக் கட்ட வேண்டும். பரணில் அமர்பவருக்கு முழு உடல் வார்க்கச்சை தேவை. அதில் அசையாமல் தொங்க நேர்ந்தால் காலில் இரத்தம் தேங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். காலூன்றி நிற்பதற்கான வார் ஒன்று அதனுடன் இருக்க வேண்டும். சேடில், விழுபவரைப் பிடிக்கும் கருவி அல்ல. அதன் கயிறுகள் நீட்சி குறைந்தவை. அரை மீட்டர் தொய்வில் விழுந்தாலும் அதிர்ச்சி உடலில் நேராக இறங்கும். தாங்குகயிறு எப்போதும் தலைமட்டத்துக்குக் குறையாமல், இறுக்கமாக இருக்க வேண்டும்.

சட்டமும் இன்றைய நிலையும்

மரத்தில் திருகும் படிகள் எல்லாவற்றிலும் மலிவு, இலகு. ஆனால் மிச்சிகன் உள்ளிட்ட பல மாநிலங்களில் பொதுநிலத்து மரங்களின் பட்டையைத் துளைக்கும் எதற்கும் தடை உண்டு. கால்முள்ளுக்கும் அதே கதி. பரணில் உரிமையாளரின் அடையாளம் எழுதப்பட வேண்டும் என்ற விதியும், சில இடங்களில் அன்றன்றே அகற்ற வேண்டும் என்ற விதியும் நடமாடும் முறைக்கு மறைமுகமாகத் துணைநிற்கின்றன. சிறு பட்டறைகள் பல இன்று இத்துறையில் இருக்கின்றன. ஆண்டுதோறும் புதிய கோல்களும் மிதிதட்டுகளும் வருகின்றன.