அந்நியர் என்போர் யார்?

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் ஒரு கல்லை நாட்டினர். 1803 ஒக்டோபர் 31இல் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் அதுவென ஆங்கிலத்திற் பொறித்தனர். வென்றவனின் புகழுக்காக எழுந்த கல் அது. ஆயினும் வன்னி மக்கள் அதன்முன் நின்று நினைத்தது தோற்றவனையே. 2010இல் அக்கல் உடைக்கப்பட்டபோது, டிறிபேர்க்கின் புகழ் போயிற்றென்று எவரும் வருந்தவில்லை. வவுனியா நகரில் இன்று சிலையாய் நிற்பவனும் பண்டாரவன்னியனே.

ஆனால் இந்த நினைவில் ஒரு பகுதியை நாம் நழுவவிட்டு விட்டோம். 1803 ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிய வன்னியன் தனித்து நின்றவனல்லன். கண்டியரசின் துணை அவனுக்கிருந்தது. அன்று கண்டியை ஆண்ட சிறீ விக்கிரமராசசிங்கன், மணவுறவின் வழியே 1739இல் அரியணையேறிய நாயக்க மரபின் நான்காம் அரசன். தமிழ்க் குறுநிலத் தலைவனும், தென்னிந்திய வழிவந்து சிங்கள மக்களை ஆண்ட மன்னனும் ஒரே பகைவனை எதிர்த்த காலம் அது.

இந்த நாயக்கரை அந்நியரென்று சாசனமாக எழுதி வைத்தவர் யார்? கடல் கடந்து வந்த ஆங்கிலேயரே! 1815 மார்ச் 2இன் கண்டி உடன்படிக்கை, 'மலபார்' குலத்தாரின் அரசுரிமையை ஒழித்தது. அரசனின் ஆண் உறவினர் கண்டி நாட்டுள் நுழைவதைத் தடுத்தது. கண்டிப் பிரதானிகளும் அதில் ஒப்பமிட்டனர். அரசனின் கொடுந்தண்டனைகள் அவர்களை அந்நிலைக்குத் தள்ளின என்பதை மறைத்தல் நேர்மையன்று. அரசன் வேலூரிற் சிறையிருந்து 1832இல் மாண்டான்.

மரபு போயிற்று; அதன் கொடை போகவில்லை. 1753இல் சீயத்துப் பிக்குகளைக் கொண்டு உபசம்பதையை மீட்டவன் நாயக்கனான கீர்த்தி சிறீ ராசசிங்கன். இன்றைய சியாம் நிகாயம் அவ்வழி வந்தது. தலதா மாளிகையின் எண்கோண மண்டபமோ கடைசி அரசன் எழுப்பியது.

எனவே, ஆண்டவனின் பிறந்தவூரைக் கேட்டு வரலாற்றை அளக்க முடியாது. அவன் உழுதவனிடம் எதைப் பெற்றான், எதைத் திருப்பித் தந்தான் என்பதே நமது கேள்வியாதல் வேண்டும். கண்டியரசனுக்கு மட்டுமன்று, நாம் போற்றும் வன்னியனுக்கும் இக்கேள்வி பொருந்தும். குளங்கட்டி வன்னியை விளைவித்த குடிமக்களுக்கு எந்தக் கல்லும் நாட்டப்படவில்லை. வகுப்பறையில் அரசர் பட்டியலை ஒப்புவிக்கச் செய்யும் நாம், அவர்களைப் பற்றியும் ஒரு பாடம் நடத்துவோமாக.