மொழியுரிமைப் போரும் அச்சோவியமும்

வரலாறு ஏட்டில் மட்டும் எழுதப்படுவதன்று, ஓவியத்திலும் எழுதப்படுவதுண்டு. ஆயினும், தீட்டிய ஓவியம் ஒன்றேயாதலின், அஃது இருக்கும் இடம் நாடிச் சென்றோர்க்கே காட்சி தரும். ஸ்பானிய ஓவியர் கோயா, மட்றிட் நகரில் 1808 மே 3 அன்று நிகழ்ந்த படுகொலையை 1814 இல் தீட்டினார். அப்போரின் கொடுமைகளை அவர் செப்புத்தகட்டிற் பொறித்த அச்சோவியங்களோ, அவர் மறைந்து 35 ஆண்டுகள் கழிந்தபின், 1863 இலேயே வெளிவந்தன. உரிய காலத்தில் வெளிவரும் அச்சோவியம் ஆற்றவல்ல பணி யாது என்பதை டாக்கா நகர வரலாறு உணர்த்தும்.

பாக்கிஸ்தானின் அரச மொழி உருது ஒன்றே என ஜின்னா 1948 இல் டாக்காவில் அறிவித்தார். அந்நாட்டு மக்களுட் பெரும்பான்மையோரின் தாய்மொழி வங்காளமாகும். 1952 பெப்ரவரி 21 அன்று மாணவர் தடையுத்தரவை மீறித் திரண்டனர். பொலிசார் சுட்டதில் அபுல் பர்க்கத் முதலானோர் மாண்டனர். குண்டுபட்ட பர்க்கத்தை மருத்துவமனைக்குச் சுமந்து சென்றோருள், ஓவியக் கல்லூரி மாணவரான முர்த்தஜா பஷீரும் ஒருவர். அவர் மொழியறிஞர் முகம்மது ஷஹீதுல்லாவின் மைந்தர். கண்ணாற் கண்டதை அவ்வாண்டிலேயே 'குருதி தோய்ந்த இருபத்தொன்று' என்னும் லினோலிய அச்சோவியமாக்கினார்.

லினோலியம் என்பது தரைவிரிப்பாகப் பயன்படும் மலிவான பொருள். அதிற் குடைந்து நீக்கிய பகுதி வெண்மையாகவும், எஞ்சிய மேடு கருமையாகவும் தாளிற் பதியும். ஒரு முறை செதுக்கினால் படிகள் பல பெறலாம்.

இதன் பயனை அடுத்து நிகழ்ந்தவை காட்டும். மாண்டோர் நினைவாக மாணவர் பெப்ரவரி 23 இரவு எழுப்பிய தூண் 26 ஆம் நாளே இடித்துத் தள்ளப்பட்டது. 1953 இல் ஹசன் ஹபீசுர் ரஹ்மான் தொகுத்து வெளியிட்ட நினைவு நூலும் தடை செய்யப்பட்டது. ஆயினும் நினைவு அழியவில்லை. ஓரிடத்தில் நிற்கும் தூணை இடித்துவிடலாம். பலர் கைக்குச் சென்ற தாள்கள் அனைத்தையும் தேடிப் பறித்தல் எளிதன்று.

எனினும் அச்சோவியம் நிழற்படமன்று. இறந்தோர் எத்தனை பேர், ஆணையிட்டவர் யாவர் என்பவற்றுக்கு ஆவணங்களையே நாடல் வேண்டும். கண்டவர் நெஞ்சு பட்டபாட்டுக்கே ஓவியம் சான்றாகும்.

இவ்வரலாறு எமக்கு அயலானதன்று. 1956 இல் பாக்கிஸ்தானின் அரசியலமைப்பு வங்காளத்தையும் அரச மொழியாக ஏற்றது. அதே ஆண்டில் இலங்கையில் சிங்களம் ஒன்றே அரசகரும மொழியெனச் சட்டமாயிற்று. தமிழும் அரசகரும மொழியாதற்கு 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. கல்முனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய ஊர்களில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் இதனை நன்கு உணர்வர். டாக்காவில் ஆண்டோரும் மாண்டோரும் ஒரே சமயத்தவர். ஆயினும் சமய ஒற்றுமை தாய்மொழியின் உரிமைக்கு ஈடாகவில்லை.

எமது பாடசாலைகளிற் சித்திரம் பயிலும் மாணவர்க்கு இக்கலையைக் கற்பித்தல் நன்று. எமது மொழியுரிமையின் கதையை இனிவரும் தலைமுறையின் கண்முன் நிறுத்த, சிறு செதுக்குளியும் சிறிது மையும் போதும்.