ஃபோர்டு மாடல் டி காரில் தீப்பொறி நேரம்

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட மாடல் டி கார்களைத் தயாரித்தது. அமெரிக்கக் கிராமப்புறங்களில் இதை வாங்கியவர்களில் பலர் விவசாயிகள். பழுது ஏற்பட்டால் தாங்களே தொழுவத்தில் வைத்துச் சரிசெய்து கொண்டனர். அப்பழுதுகளில் அவர்களை அதிகம் குழப்பியவற்றுள் ஒன்று, சிலிண்டருக்குள் தீப்பொறி எழும் நேரம் தவறுவதாகும்.

பெட்ரோல் கலவை எரிந்து முடியச் சிறிது நேரம் பிடிக்கும். எஞ்சின் வேகமாக ஓடும்போது பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே பொறி எழ வேண்டும்; மெதுவாக ஓடும்போது அவ்வளவு முந்தத் தேவையில்லை. பிற்காலக் கார்களில் இம்மாற்றம் தானாக நிகழ்ந்தது. மாடல் டி காரிலோ அது ஓட்டுநரின் வேலை. ஸ்டீயரிங் சக்கரத்தின் கீழே இடப்பக்கம் இருந்த நெம்புகோலை மேலே தள்ளினால் பொறி தாமதமாகும். கீழே இழுத்தால் முந்தும்.

எஞ்சினைக் கைப்பிடியால் சுற்றிக் கிளப்பும்போது நெம்புகோல் மேலே இருப்பது கட்டாயம். மறந்துவிட்டால் பிஸ்டன் உச்சியை அடையும் முன்பே கலவை வெடித்து, கைப்பிடி எதிர்த்திசையில் உதைக்கும். மணிக்கட்டருகே ஆரை எலும்பில் ஏற்படும் ஒருவகை முறிவுக்கு மருத்துவ நூல்களில் இன்றும் ‘ஓட்டுநர் முறிவு’ என்ற பெயர் வழங்குவது இத்தகைய உதைகளால்தான். இடக்கையால் மேல்நோக்கி இழுக்க வேண்டும், கட்டைவிரலால் பிடியைச் சுற்றக் கூடாது என்று அனுபவசாலிகள் எச்சரித்தனர்.

பழுதைக் கண்டறிய எஞ்சினின் முன்புறம் உள்ள ‘டைமர்’ என்னும் பாகத்திலிருந்து தொடங்குவதே நல்லது. அதனுள் ஓர் உருளை, கேம் தண்டுடன் சுழன்று நான்கு தொடுமுனைகளை முறையே தொடும். உள்வட்டம் தேய்ந்து மேடுபள்ளமானால் வேகத்தில் பொறி தவறும். எண்ணெய் இடாவிட்டால் தேய்மானம் விரையும். குளிர்காலத்தில் எண்ணெய் கெட்டியானாலோ மின்தொடர்பு கெட்டு எஞ்சின் கிளம்ப மறுக்கும்.

டைமர் நன்றாக இருந்தால் அடுத்துப் பார்க்க வேண்டியவை காயில்கள். சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு காயில்கள். ஒவ்வொன்றின் மேலும் அதிரும் தகடு ஒன்று உண்டு. நான்கும் ஒரே சீராக அமைக்கப்படாவிட்டால் ஒவ்வொரு சிலிண்டரிலும் பொறி வெவ்வேறு கணத்தில் எழும். எஞ்சின் ஓடும்போது ஒரு தகட்டை விரலால் அழுத்தினால் அந்தச் சிலிண்டர் நின்றுவிடும். அழுத்தியும் ஓட்டத்தில் மாற்றம் தெரியாவிட்டால், கோளாறு அங்கேதான். கருவி ஏதும் தேவைப்படாத இம்முறையே இக்காரின் சிறப்பு என்று சொல்லலாம். வயர்களைக் கழற்றி மாட்டியவர்கள் 1-2-4-3 என்ற வரிசையை மறந்து அல்லல்பட்டதும் உண்டு.

ரேடியேட்டர் கொதிப்பதற்கும் பல சமயம் ரேடியேட்டர் காரணமன்று. நெம்புகோலை மேலேயே விட்டு ஓட்டினால் கலவை தாமதமாக எரிந்து, வெப்பம் சிலிண்டர் சுவரிலும் புகைபோக்கியிலும் வீணாகும். தண்ணீர் கொதிப்பதைக் கண்டு ரேடியேட்டரைக் கழற்றுவது வீண்வேலை.

1919இல் மாடல் டி காருக்கு மின்சார ஸ்டார்ட்டர் வந்தது. அதன் பின்னும் நெம்புகோலை மறக்க முடியவில்லை. பொறி முந்தியிருந்தால் உதை கைக்குப் பதிலாக ஸ்டார்ட்டரின் சுருள்வில்லை உடைத்தது. அடுத்து வந்த மாடல் ஏ காரிலும் அந்த நெம்புகோல் இருந்தது. 1932இல் வெளிவந்த வி8 எஞ்சினில்தான் ஃபோர்டு இந்தப் பொறுப்பை ஓட்டுநரிடமிருந்து எடுத்து டிஸ்ட்ரிபியூட்டரிடம் ஒப்படைத்தது.