ஒஹாயோ ஆற்றின் இரு கரைகள்

அமெரிக்காவில் அடிமைமுறை நிலவிய கென்டக்கி மாநிலத்துக்கும் அது தடைசெய்யப்பட்ட ஒஹாயோ மாநிலத்துக்கும் இடையே எல்லையாக ஓடுவது ஒஹாயோ ஆறு. 1787-இல் இயற்றப்பட்ட வடமேற்கு நிலப்பகுதிச் சட்டம் ஆற்றுக்கு வடக்கே அடிமைமுறையைத் தடுத்தது. ஆயினும் தப்பி வருவோரை உரிமையாளர்கள் மீட்டுச் செல்லலாம் என்ற விதியும் அதே சட்டத்தில் இடம்பெற்றிருந்ததால், ஆற்றைக் கடந்த மாத்திரத்தில் எவருக்கும் விடுதலை உறுதியாகிவிடவில்லை. அவ்வாறு வந்தோரை இரவுகளில் வீடு வீடாக மாற்றிக் கனடாவை நோக்கி அனுப்பிய இரகசிய உதவி வலையமைப்பே ‘நிலத்தடி ரயில்பாதை’ எனப்பட்டது. மறைவிடம் தந்த வீட்டை அதில் ‘நிலையம்’ என்றும், வழிகாட்டிச் சென்றவரை ‘நடத்துநர்’ என்றும் குறித்தனர்.

இவ்வழித்தடத்தைக் காண வருவோர் பெரும்பாலும் முதலில் சேருமிடம் வடகரையிலுள்ள ரிப்ளி என்னும் சிற்றூர். 1822-இல் அங்குக் குடியேறிய பிரெஸ்பிட்டீரிய சபைப் போதகர் ஜான் ரேங்கின், அடிமைகளை வாங்கிய தம் சகோதரருக்கு எழுதிய கண்டனக் கடிதங்கள் 1826-இல் நூலாக வெளிவந்தன. ஊருக்குப் பின்னாலுள்ள குன்றின்மேல் அவர் கட்டிய செங்கல் வீட்டின் விளக்கொளி கென்டக்கிக் கரையிலிருந்தும் தெரிந்தது. அங்கு வந்து சேர்ந்தோரை அவருடைய புதல்வர்கள் உள்நாட்டு ஊர்களுக்கு அழைத்துச் சென்றனர். 1838-இல் உறைந்திருந்த ஆற்றின் பனிக்கட்டிகள்மீது குழந்தையுடன் கடந்து இவ்வீட்டை அடைந்த பெண்ணின் செய்தியே, ஹேரியட் பீச்சர் ஸ்டோவின் ‘டாம் மாமாவின் குடிசை’ நாவலில் வரும் எலைசாவுக்கு அடிப்படையாயிற்று.

குன்றின் வீடு பெற்ற புகழில் ஒரு பகுதிகூட, கீழே ஆற்றோரம் வாழ்ந்த ஜான் பார்க்கருக்கு நெடுங்காலம் கிட்டவில்லை என்பது வருந்தத்தக்கது. 1827-இல் விர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்து, எட்டு வயதில் தாயிடமிருந்து பிரித்து விற்கப்பட்டு, அலபாமாவின் மொபீல் நகரில் இரும்பு வார்ப்புத் தொழிலைக் கற்ற பார்க்கர், 1,800 டாலர் விலையைத் தம் உழைப்பாலேயே அடைத்து 1845-இல் விடுதலை பெற்றார். பின்னர் ரிப்ளியில் வார்ப்படசாலை நடத்திய அவர், புகையிலை அழுத்தும் கருவி உள்ளிட்டவற்றுக்குக் காப்புரிமையும் பெற்றார். ரேங்கின் குடும்பத்தார் வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தனர். பார்க்கரோ இரவில் படகேறித் தென்கரைக்கே சென்று, பிடிபட்டால் தம் உயிருக்கே கேடு என்று அறிந்தும் ஆட்களை அழைத்து வந்தார். பெற்றோர் ஓடிவிடாதிருக்கத் தன் கட்டிலருகே அவர்களின் கைக்குழந்தையைக் கிடத்தி உறங்கிய ஓர் உரிமையாளரின் அறைக்குள் புகுந்து, அக்குழந்தையை எடுத்து வந்ததை அவரே பிற்காலத்தில் விவரித்துள்ளார். அந்நினைவுக்குறிப்புகள் நூலாக அச்சேறியது 1996-இல்தான். அவருடைய வீடு தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது அதற்கு அடுத்த ஆண்டில்.

தப்பி வந்தவர்களைப் பற்றி அவர் எழுதி வைத்திருந்த குறிப்பேடு இன்று இல்லை. 1850-இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம், உதவி செய்வோருக்கு 1,000 டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் விதித்தது. விசாரணை அதிகாரிக்கு, பிடிபட்டவரை உரிமையாளரிடம் ஒப்படைத்தால் 10 டாலரும் விடுவித்தால் 5 டாலரும் கட்டணம் என்றும் வகுத்தது. அச்சட்டம் வந்தபின் பார்க்கர் அக்குறிப்பேட்டைத் தம் உலையிலேயே எரித்துவிட்டார். இத்தகைய ஆவணங்கள் அழிந்த வெற்றிடத்தில்தான் இரகசியச் சுரங்கங்களைப் பற்றிய கதைகள் பெருகின. ஊர்தோறும் காட்டப்படும் நிலவறைகளில் பலவற்றுக்குச் சான்றில்லை. தப்பியோரில் பெரும்பாலோர் யாருடைய துணையுமின்றித் தம் கால்களையே நம்பி நெடுந்தூரம் கடந்தவர்கள் என்பதை அக்கதைகள் மறைத்துவிடுகின்றன.

ஆதலால் பயணத்தை உதவியவர்களின் வீட்டிலிருந்து தொடங்குவதைவிட, தப்பியோர் விட்டு ஓடியது எதை என்பதிலிருந்து தொடங்குவதே முறையாகும். அதற்குரிய சான்று சின்சினாட்டி நகரில் 2004-இல் திறக்கப்பட்ட தேசிய நிலத்தடி ரயில்பாதை விடுதலை மையத்தில் உள்ளது. கென்டக்கியின் மேசன் மாவட்டத்தில், பிற்காலப் புகையிலைக் கொட்டகை ஒன்றினுள் மறைந்து கிடந்த இரண்டு மாடி மரக்கட்டை அடைப்பு, பகுதி பகுதியாகப் பிரிக்கப்பட்டு அங்கு மீண்டும் நிறுவப்பட்டிருக்கிறது. 1830 வாக்கில் ஜான் ஆண்டர்சன் என்ற அடிமை வணிகர், மிசிசிப்பியின் நாட்செஸ் சந்தைக்கு அனுப்பும்வரை மனிதர்களை அடைத்து வைத்த இடம் அது; மேல்தளத்தில் சங்கிலி பூட்டும் வளையத்தை இன்றும் காணலாம். பருத்தித் தோட்டங்கள் பெருகிய தெற்கில் ஆள்விலை ஏற ஏற, கென்டக்கியின் உரிமையாளர்கள் தம்மிடமிருந்தவர்களை அங்கு விற்றனர். அவ்வாறு விற்கப்பட்டுத் தம் குடும்பத்தை இனி ஒருபோதும் காண முடியாமற்போகும் என்ற அச்சமே, பலரை ஆற்றை நோக்கி ஓட வைத்தது.