ஈ.பி.எஃப் காசு: 55க்கு முன் எடுக்கும் வழி வந்த கதை



"நாங்க கட்டின காசை 55 வயசுக்கு முதல் எடுக்க ஏலாதா சேர்?" என்று தனியார் கம்பனிகளில் வேலை செய்யும் பிள்ளைகளின் வாப்பாமார் கேட்கிறார்கள். பதிலுக்குள் ஒரு வரலாறே இருக்கிறது.

ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் 1958இல் வந்தது, 15ஆம் இலக்கம். இன்று ஊழியர் 8%, முதலாளி 12%. பொது நிர்வாகம் தொழில் திணைக்களத்தின் பொறுப்பு, பணமும் கணக்குகளும் மத்திய வங்கியிடம். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்பதுதான் வயது. நிரந்தரமாக வெளிநாடு போகிறவர், உடல் இயலாமல் போனவர், கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண் போன்றோருக்கு முன்னதாகவே எடுக்க வழி இருந்தது.

அந்தக் கல்யாண வழி சின்ன விசயமல்ல. கட்டுநாயக்க கார்மண்டில் சில வருடம் உழைத்து, அந்தக் காசோடு ஊர் திரும்பும் பிள்ளைகள் எத்தனை பேர்! 2011இல் அரசாங்கம் தனியார் துறைக்கு ஓய்வூதியச் சட்டமூலம் கொண்டு வந்தபோது, முதுமையில் மாதாமாதம் கிடைக்கும் என்ற வாக்குறுதி அவர்களுக்கு ஒத்துவரவில்லை. வீதிக்கு இறங்கினார்கள். மே 30இல் பொலிஸ் சுட்டதில் காயப்பட்ட ரொஷேன் சானக்க என்ற இளைஞர் இறந்தார். சட்டமூலம் கைவிடப்பட்டது.

அடுத்த வருடம், 2012இன் 2ஆம் இலக்கத் திருத்தம், வேலையில் இருக்கும்போதே 30% வரை எடுக்க இடம் கொடுத்தது. வீட்டுக்கு அல்லது வைத்தியத்துக்கு மட்டும். 10 வருடம் கட்டியிருக்க வேண்டும், கணக்கில் குறைந்தது 3 இலட்சம் இருக்க வேண்டும். அதற்கு முன் வீடு கட்ட, நிதியைப் பிணை வைத்து வங்கியில் வட்டிக்குக் கடன் எடுக்கத்தான் முடிந்தது. வட்டிக்கு அஞ்சும் நம்மவர்களுக்கு இந்தத் திருத்தம் பெரிய ஆறுதல் என்பேன். (நிதியில் சேரும் வட்டி பற்றி உலமாக்களிடம் கேளுங்கள், அது என் வேலையல்ல.)

வரிக்கு வருவோம். நிதியின் முதலீட்டு வருமானத்தில் 14% வரி போகிறது. காசை எடுக்காமல் வைத்திருந்தாலும் அது போகும். 2023 கடன் மறுசீரமைப்பில், பழைய திறைசேரி முறிகளைப் புதியவற்றுக்கு மாற்றாத நிதியங்களுக்கு முறி வருமானத்தில் 30% வரி என்றார்கள். ஈ.பி.எஃப் மாற்றிக்கொண்டது, 14%இலேயே நின்றது. அங்கத்தவர் ஒருவரிடமும் யாரும் கேட்கவில்லை.